படுவான்கரைச் சட்டித் தயிர்

மண்முனைப் பாலத்தைக் கடந்தால் படுவான்கரை. 2014இல் பாலம் திறக்கும்வரை பாதையில் ஏறித்தான் வாவியைக் கடந்தோம். 2007இல் அக்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சகோதரிகளுக்கு இந்த வாவியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் நான் போன வீட்டு அக்காவும் அப்படி வந்தவர்தான். திரும்பிப் போனபோது பட்டியில் ஒரு மாடும் இல்லையாம். "ரெண்டு எருமையோடதான் மனே திரும்பத் தொடங்கினனான்" என்றார். இப்போது வீட்டுச் செலவு தயிரில்தான் ஓடுகிறது.

எருமைப்பால் பசும்பாலைவிடக் கொழுப்புக் கூடியது. மண்சட்டி அதிலுள்ள நீரையும் கொஞ்சம் உறிஞ்சிவிடும். அதனால்தான் கரண்டியால் வெட்டி எடுக்கலாம். பிளாஸ்டிக் கோப்பைத் தயிரில் எனக்கு விருப்பமில்லை.

வியாபாரி வராத நாளில் மிஞ்சும் தயிரில் பிள்ளைகளுக்குத் தொட்டுத் தின்ன ஒன்று செய்கிறார். ஐந்து நிமிட வேலை. நான்கு மேசைக்கரண்டி கெட்டித் தயிரை நீர் விடாமல் நன்றாக அடியுங்கள். பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் நாலு, பச்சைமிளகாய் ஒன்று, குத்திய மிளகு சேருங்கள். விருப்பமென்றால் ஒரு பல் உள்ளியும் நசுக்கிப் போடலாம். உப்பைச் சாப்பிடும் நேரத்தில் போடுங்கள், முந்திப் போட்டால் நீர்விட்டுவிடும்.

அவித்த மரவள்ளிக்கிழங்கோடு சாப்பிட்டோம். பிள்ளைகள் சட்டியை வழித்தே விட்டார்கள்.

எனக்கும் ஒரு சட்டி கட்டித் தந்தார். காசு வேண்டாம் என்றவர், வெறுஞ்சட்டியை மட்டும் மறக்காமல் கொண்டுவரச் சொன்னார்.