கதவு மாட்டியவர்

கார் வராத நாவல் தமிழில் அபூர்வம். மழை இரவில் வாசலில் கார் வந்து நிற்கும், கதவு திறக்கும், கதாநாயகி இறங்குவாள். நானும் எத்தனையோ கதாநாயகிகளை அப்படி இறக்கிவிட்டிருக்கிறேன். காரோட்டிக்குக்கூடச் சில சமயம் பெயர் வைத்ததுண்டு. ஆனால் அந்தக் கதவை மாட்டியவர் யார் என்று இதுவரை ஒரு வாசகரும் கடிதம் எழுதிக் கேட்டதில்லை.

கேட்டால் பதில் சொல்ல என்னிடம் ஆள் இருக்கிறார். எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியவர், வயது 82. வண்டலூர் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1963-ல் சேர்ந்து, 1988-ல் உற்பத்தி நிற்கும் வரையில் இருந்தவர்.

கல்கத்தாவுக்கு அம்பாஸடர், பம்பாய்க்கு பியட் என்று இருந்த காலத்தில் சென்னைக்கு ஒரு ஹெரால்டு இருந்தது. 1961-ல் இங்கே தயாராகத் தொடங்கியது. அதன் உருவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அடிச்சட்டம் தனி, அதன் மேல் உடம்பைத் துண்டு துண்டாக வைத்து போல்ட் போட்டு முடுக்குவார்கள். முன்பக்கம் முழுவதும், மட்கார்டுகளோடு சேர்ந்து, முதலை வாய் மாதிரித் திறந்துகொள்ளும். சீமையில் அதற்கு இரண்டே கதவுகள். நாலு கதவு ஹெரால்டு உலகத்திலேயே நம் ஊரில் மட்டும்தான் பிறந்தது. இதைச் சொல்லும்போது பெரியவர் சற்று நிமிர்ந்து உட்காருவார். கதவு மாட்டுகிறவர் அல்லவா!

வரிசையில் நின்று ஒரே வேலையைச் செய்வதென்பது லேசான காரியமில்லை. 1913-ல் அமெரிக்காவில் ஹென்றி போர்டு தம் ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில், ஆள் நின்ற இடத்தில் நிற்க வண்டி நகர்ந்து வரும்படி செய்தார். ஒரு காரின் அடிச்சட்டத்தைக் கோக்கப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்தது, ஒன்றரை மணியாகக் குறைந்தது. ஆனால் ஆட்கள் தங்கவில்லை. சேர்ந்த வேகத்தில் ஓடினார்கள். அடுத்த வருஷமே தினக்கூலியை ஐந்து டாலராக உயர்த்தினார். சாப்ளின் 1936-ல் எடுத்த படத்தில் நட்டு முடுக்கும் தொழிலாளி, வேலையை விட்டு விலகி வந்த பிறகும் கைகளை முடுக்கிக்கொண்டே இருப்பான். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிப்பு ஓய்ந்ததும் நெஞ்சை என்னவோ செய்யும்.

அந்த நினைவோடுதான் ஒரு நாள் பெரியவரிடம் கேட்டேன். "25 வருஷம் ஒரே வேலை. உங்களுக்கு அலுக்கவில்லையா?"

"அலுக்காமல் இருக்குமா, ஸார்? தூக்கத்தில்கூட என் கை போல்ட் முடுக்கும் என்று வீட்டில் சொல்வாள். ஆனால் அந்தப் பக்கம் ஓர் ஆள் இருந்தான், ஸார்."

வலது பக்கக் கதவுகள் இவருக்கு. இடது பக்கக் கதவுகள் அவருக்கு. நடுவில் கார். ஆசனம் வைக்காத, கண்ணாடி போடாத வெறும் கூடு. அதன் ஜன்னல் வழியாகத்தான் இருவரும் வருஷக் கணக்கில் பேசிக்கொண்டார்கள்.

"பையன் இருக்கிறான் என்று ஒரு வண்டியில் சொன்னான். நட்சத்திரம் அடுத்த வண்டியில். உத்தியோகம் அதற்கடுத்த வண்டியில். என் பெண்ணின் கல்யாணம் ஆறு வண்டியில் நிச்சயமாயிற்று, ஸார்!"

தொழிற்சாலை நின்றபோது பெரியவருக்கு வயது 45. தாம்பரத்தில் ஒரு மெக்கானிக் கடையில் சேர்ந்தார். அங்கே இஞ்சின் இறக்கினார், பிரேக் பார்த்தார். கார் முழுவதும் அவர் கைக்கு வந்தது. மனிதனைத் துண்டாக்கும் வேலை போய், முழுமையான வேலை கிடைத்ததே என்று நம்மைப் போன்றவர்கள் சந்தோஷப்படுவோம். அவர் சொன்னது வேறு:

"வேலை நல்ல வேலைதான். ஆனால் வண்டிக்கு அந்தப் பக்கம் சுவர் இருந்தது."

வரிசை வேலையை நான் புகழவில்லை. அதை விட்டு ஓடியவர்களின் கதையும் உண்மைதான். ஆனால் ஒரு மனிதரின் உழைப்பை அளக்கும்போது, அவர் கை என்ன செய்தது என்று மட்டும் பார்த்தால் கணக்கு தீராது. எதிரே யார் நின்றார் என்றும் பார்க்க வேண்டும். எழுதுகிறவனுக்கு எதிரே யாரும் நிற்பதில்லை. அதனால்தானோ என்னவோ, எனக்கு அந்த ஆறு வண்டிக் கல்யாணத்தின் மேல் கொஞ்சம் பொறாமை.

அந்த நண்பர் இப்போது இல்லை. தொழிற்சாலை நின்று சில மாதங்கள் கழித்துத் தாம்பரம் மார்க்கெட்டில் இருவரும் எதிரும் புதிருமாகச் சந்தித்தார்களாம். கையைப் பிடித்துக்கொண்டார்கள், பேச்சு வரவில்லை. முழு முகத்தையும் இவ்வளவு கிட்டத்தில் பார்த்துப் பழக்கமில்லை.

"பக்கத்தில் ஒரு டாக்ஸி நின்றது, ஸார். நான் இந்தப் பக்கம் வந்தேன். அவன் தானாகவே அந்தப் பக்கம் போனான். அப்புறம் ஒரு மணி நேரம் பேசினோம்."

"டாக்ஸிக்காரர் ஒன்றும் சொல்லவில்லையா?"

"சொன்னான் போலிருக்கிறது. எங்கள் காதில் எங்கே விழுந்தது?"