கருத்துப் பிழை



ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் தமிழ்ப்பள்ளிகளில் வேலை இரட்டிப்பாகிவிடும். வகுப்பறைகளில் ஜாலோர் கெமிலாங் கொடிகளைத் தோரணமாகக் கட்ட வேண்டும். தேசிய மாதப் பாடல்களைப் பழக்க வேண்டும். வண்ணம் தீட்டும் போட்டி, பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். 2016ஆம் ஆண்டு கட்டுரைப் போட்டியின் பொறுப்பு என்னிடம் வந்தது. தலைப்பு 'நான் நேசிக்கும் நாடு'. அந்த ஆண்டு நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்ததுண்டு. இன்றுதான் துணிவு வந்தது.

இத்தகைய போட்டிகளுக்கு வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். இரட்டைக் கோபுரம், மூவினங்களின் ஒற்றுமை, நாசி லெமாக், தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு, இறுதியில் 'மலேசியா வாழ்க'. மாணவர்களைக் குறை சொல்ல இயலாது. அந்த அச்சைச் செய்து கொடுத்தவர்கள் நாம்தாம். அந்தக் குவியலில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் கட்டுரை மட்டும் மூன்றாம் பத்தியில் வேறு பாதையில் திரும்பியது. அவள் எழுதியிருந்தது ஏறக்குறைய இது:

"என் பாட்டி இந்த நாட்டில்தான் பிறந்தார். ஆனால் அவருடைய அடையாள அட்டை சிவப்பு நிறத்தில் இருக்கிறது. அவரால் ஓட்டுப் போட முடியாது. நான் என் நாட்டை நேசிக்கிறேன். என் நாடு என் பாட்டியை இன்னும் நேசிக்கவில்லை. இது சரியில்லை."

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குக் கட்டுரை திருத்தும் முறையைக் கற்பித்தார்கள். எழுத்துப் பிழை, ஒற்றுப் பிழை, வாக்கியப் பிழை, கருத்துப் பிழை என்று வகை பிரித்துக் குறிக்க வேண்டும். அந்தப் பத்தியில் ஓர் ஒற்றுப் பிழைகூட இல்லை. நான் சிவப்பு மையால் பத்தி முழுவதையும் கோடிட்டு, ஓரத்தில் 'கருத்துப் பிழை' என்று எழுதினேன்.

"டீச்சர், இதுல என்ன பிழை?" என்று கேட்டாள்.

"பிழைன்னு இல்லைம்மா. போட்டிக்கு இது பொருந்தாது. ஒற்றுமையைப் பற்றி எழுதிக் கொண்டு வா" என்றேன்.

எழுதிக் கொண்டு வந்தாள். இரண்டாம் பரிசு கிடைத்தது.

பரிசளிப்பு நாளன்று அந்தப் பாட்டியே வந்திருந்தார். பேத்தி என்ன எழுதினாள் என்று படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். பொறுமையாகக் கேட்டு முடித்தவர், "நல்லாத்தான் எழுதியிருக்கா டீச்சர். ஆனா வீட்டுல என்னைப் பத்தி ஏதோ எழுதிக்கிட்டிருந்தாளே, அது எங்க?" என்றார். "இடம் போதலைங்க பாட்டி" என்று சொன்னேன். ஒரு மாணவியின் முன்னிலையில், அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த பொய்யை நான் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று நல்ல மழை. இருவரையும் என் காரிலேயே வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வழிநெடுகப் பாட்டி பேசிக்கொண்டே வந்தார். 1948இல், ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில் மருத்துவச்சியின் கையில் பிறந்தவர். பிறப்பைப் பதிய யாரும் பட்டணத்துக்குப் போகவில்லை. பத்து வயதில் ஆயாக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். பதினாறு வயதில் பால்மரம் சீவப் போனவர். செம்பனை வந்த பிறகு உதிரிப் பழம் பொறுக்கியவர். விடுதலைக்கு முன் இங்கே பிறந்தவர்கள் பதிவு செய்து குடியுரிமை பெற அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் பிறந்ததற்குச் சான்று வேண்டும். அடிப்படை மலாய்மொழி அறிவும் வேண்டும். பாட்டியிடம் சான்று இல்லை. மலாய் தெரியும், ஆனால் அது சந்தைக்கடை மலாய். எத்தனையோ முறை விண்ணப்பித்தும் கைகூடவில்லை.

வீட்டு வாசலில் கொடி கட்டியிருந்தது. காரை விட்டு இறங்கும்போதே பாட்டி, தாமானில் கால்வாய் அடைத்து இரண்டு மாதமாகிறது என்றும், தேர்தல் வந்தால்தான் எவனும் எட்டிப் பார்க்கிறான் என்றும் திட்டத் தொடங்கினார். "இவ்வளவு குறை சொல்றீங்க, கொடியும் கட்டியிருக்கீங்களே பாட்டி?" என்று கேட்டேன்.

"அடுத்த வீட்டுக் கூரை ஒழுகினா நான் ஏன் டீச்சர் சத்தம் போடப் போறேன்? என் வீட்டுக் கூரை ஒழுகினா போடுவேன். அதுக்காக வீட்டை விட்டா போயிடுவேன்?" என்றார்.

நான் படித்த எந்தக் குடியியல் பாடத்திலும் இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

நான் ஏன் அந்தப் பத்தியை அடித்தேன்? பயம் ஒரு காரணம். கட்டுரை வெளியில் போனால் யாராவது படமெடுத்துப் பரப்புவார்களோ, பள்ளிக்குப் பெயர் கெடுமோ என்ற பயம். ஆனால் அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. என் தந்தையார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்ற பழமொழியைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். "வந்த இடத்துல வாயைத் திறக்கக்கூடாது" என்பார். வந்தவர் என் தாத்தா. 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்துவதற்கு முன்னே, கங்காணியுடன் கப்பலேறி வந்தார். என் தந்தையார் எங்கிருந்தும் வரவில்லை, மலாக்காவில் பிறந்தார். ஆயினும் கடைசிவரை தம்மை விருந்தாளியாகவே எண்ணினார். அந்த எண்ணத்தைத்தான் நான் சிவப்பு மையில் நிரப்பி, பதினொரு வயதுப் பிள்ளையின் தாளில் எழுதியிருக்கிறேன்.

ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. இடைநிலைப்பள்ளியில் படித்தபோது, ஒரு சண்டையில் சக மாணவி என்னைப் பார்த்து 'பாலேக் இந்தியா' என்று கத்தினாள். நான் பார்த்தேயிராத ஒரு நாட்டுக்கு என்னைத் திரும்பிப் போகச் சொன்னாள். அதே ஆண்டு என் தாயார் மருத்துவமனையில் கிடந்தபோது, தோட்டத்துக்கு அடுத்த கம்பத்து மாக் சிக் ஒருவர் ஒரு வாரம் எங்களுக்குச் சோறு சமைத்துக் கொண்டுவந்தார். நாங்கள் மாட்டிறைச்சி உண்ணமாட்டோம் என்பதற்காகத் தனிச் சட்டி வைத்துச் சமைத்தார். இவ்விரண்டும் ஒரே நாட்டில், ஒரே சாலையின் இரு முனைகளில் நடந்தவை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் இரண்டுமே பொய்யாகிவிடும்.

மலாக்காவில் வாழும் நமக்கு 'யார் வந்தேறி' என்ற கேள்வி வேடிக்கையானது. ஜாலான் துக்காங் எமாஸ் வழியாக நடந்து பாருங்கள். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம்; அதே தெருவில் 1748இல் தோன்றிய கம்போங் கிலிங் பள்ளிவாசல்; சற்று அப்பால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். காஜா பெராங்கில் மலாக்கா செட்டிகள் வாழ்கிறார்கள். மாரியம்மனை வணங்கி, மலாய் பேசி, சாரோங் கெபாயா உடுத்தும் மக்கள். 1511இல் போர்த்துக்கீசியர் இந்நகரைக் கைப்பற்றியபோது, இங்கிருந்த வணிகர் நைனா சட்டுவைத்தான் பண்டகாராவாக நியமித்தார்கள்.

ஆனால் இந்தப் பழம்பெருமையை நான் என் மாணவர்களிடம் அதிகம் பேசுவதில்லை. என் தாத்தா நைனா சட்டுவோடு வரவில்லை, இரப்பரோடு வந்தார். ஐந்நூறு ஆண்டு இருந்தால்தான் பேசும் உரிமை உண்டு என்றால், சிவப்பு அட்டைப் பாட்டிக்கு அது ஒருபோதும் கிட்டாது. மலாய்க்காரர் பக்கத்து நியாயத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரத் துரைமார்கள் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியபோது, இம்மண்ணின் மக்களிடம் சம்மதம் கேட்கவில்லை. அவர்களுடைய அச்சம் வெறும் கற்பனையில் பிறந்ததன்று.

குறை சொல்பவனை நாடு கடத்துவது பழைய வழக்கம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் என்ன கேட்டார்கள்? ஊதிய உயர்வு, கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்குக் கல்வி, துரை எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டியதில்லை என்ற உறுதி. தலைமையேற்ற ஆர்.எச். நாதனை ஆங்கிலேயர் கைது செய்து இந்தியாவுக்கு அனுப்பினர். இன்று எண்ணிப் பார்த்தால் அக்கோரிக்கைகளில் எது தவறு?

1947இல் நம் மலாக்காவில் பிறந்த டான் செங் லோக் தலைமையில், பல இன அமைப்புகள் ஒன்றுகூடின. அன்றைய ம.இ.கா.வும் அவற்றுள் ஒன்று. அவை மலாய் அமைப்புகளின் கூட்டணியான புத்ராவோடு சேர்ந்து மக்கள் அரசமைப்பு ஒன்றை வரைந்தன. குடிமக்கள் அனைவரின் தேசியமும் 'மெலாயு' எனப்படட்டும் என்று அது முன்மொழிந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் நாடெங்கும் கடையடைப்பு நடந்தது. ஆட்சியை எதிர்த்தவர்கள்தாம் இந்த நாட்டோடு தங்களை அத்தனை நெருக்கமாகப் பிணைத்துக்கொள்ள முன்வந்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1956 பிப்ரவரி 20இல் துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலை நாளை அறிவித்ததும் நம் பண்டார் ஹிலிர் திடலில்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது துன் சம்பந்தன் முறையிட்டதோடு நிற்கவில்லை. 1960இல் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். குறை சொன்னவர்களே கூரையையும் மாற்றினார்கள்.

'பிடிக்கவில்லையென்றால் போ' என்பவர்களிடம், எங்கே போவது என்று கேட்க வேண்டும். இலங்கையில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு நீலகிரிக்குப் போனவர்களை அங்குள்ளவர்கள் 'சிலோன்காரர்' என்றார்கள். இங்கிருந்தும் 1969க்குப் பிறகு, வேலை அனுமதிச் சீட்டு கிடைக்காத தொழிலாளர்கள் பல்லாயிரவர் கப்பலேறினர். பிறந்த மண் அவர்களுக்கு இந்தக் கரையில்தான் இருந்தது.

திருக்குறளில் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். இடித்துரைப்பவர் இல்லாத மன்னனைக் கெடுக்கப் பகைவர் தேவையில்லை என்பது 448ஆம் குறளின் கருத்து. அதைப் படித்தவள்தான் நானும். ஒரு சிறுமி இடித்துரைத்தபோது அதைப் பிழை என்றேன்.

2018இல் அன்றைய பிரதமர் மகாதீர், அறுபது வயதைக் கடந்த சிவப்பு அட்டை இந்தியர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அறிவித்தார். மறு ஆண்டு அந்தப் பாட்டிக்கும் நீல அட்டை கிடைத்தது. 2022 நவம்பர் 19ஆம் நாள் பொதுத்தேர்தலில், 74 வயதில், முதன்முறையாக வாக்களித்தார். மை தடவிய விரலோடு பாட்டி நிற்கும் படத்தை அந்த மாணவி எனக்கு அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வரி: "டீச்சர், வயசானவங்களுக்கு நாற்காலி போடலைன்னு பாட்டி அங்கேயே சத்தம் போட்டுட்டாங்க." வாய்விட்டுச் சிரித்தேன், பிறகு நெடுநேரம் அமைதியாக இருந்தேன். அன்றிரவே அவளை அழைத்து 2016ஆம் ஆண்டுக் கட்டுரைக்காக மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை டீச்சர். ஆனா அந்தப் பத்திதான் நான் நல்லா எழுதினது" என்றாள். உண்மைதான்.

இப்போதெல்லாம் ஆகஸ்டு மாதத்தில் என் வகுப்பில் இரண்டு கட்டுரைகள் எழுதச் சொல்கிறேன். ஒன்று வழக்கமானது. மற்றொன்று, 'என் நாட்டில் நான் திருத்த விரும்பும் ஒன்று'. கூரையில்லாத பேருந்து நிறுத்தம், நாற்றமெடுக்கும் ஆறு, சாயங்காலம் வேலைக்குப் போய்க் காலையில் திரும்பும் அப்பா என்று எழுதுகிறார்கள். நான் விதிப்பவை மூன்று: எந்த இனத்தையும் இழித்து எழுதக்கூடாது, கண்ணால் கண்டதை எழுத வேண்டும், அதைச் சரிசெய்ய நீ என்ன செய்வாய் என்று ஒரு வரியாவது இருக்க வேண்டும். முதல் கட்டுரையில் காணாத அன்பு இரண்டாவதில் இருக்கிறது என்பது என் அனுபவம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை நாட்டைப் பற்றிக் குறை சொன்னால் உடனே வாயை அடைக்காதீர்கள். ஆசிரியர் நண்பர்களே, சிவப்புப் பேனாவை எடுக்கும் முன், பிழை கருத்தில் உள்ளதா நம் அச்சத்தில் உள்ளதா என்று ஒரு நிமிடம் நிதானியுங்கள். பயிற்சிக் கழகத்தில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. ஒரு பாட்டியும் பேத்தியும் சொல்லித் தந்தார்கள்.