அண்ணா என்னும் சொல்

தில்லிக்கு வந்த புதிதில் கடைக்காரர் முதல் ஆட்டோ ஓட்டுநர் வரை என்னை ‘அண்ணா’ என்றே அழைத்தனர். அதில் உறவில்லை, தெற்கத்தியான் என்ற முத்திரை மட்டுமே இருந்தது. மொழியியல் பயின்ற எனக்கு அச்சொல் உறுத்தியது.

பின்னர் விடுதித் தொலைக்காட்சியில் புரோ கபடி பார்த்தேன். தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதனை வடநாட்டு இளம் வீரர்களும் ‘அண்ணா’ என்றே அழைத்தனர். அவர் 1975இல் பிறந்தவர். வலது கார்னரில் நின்று, பாடி வருபவரின் கணுக்கால் பிடிக்குள் சிக்கும் கணத்துக்காகக் காத்திருந்தவர். 2016இல், தம் 41ஆம் வயதில், பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமையேற்றுக் கோப்பை வென்றார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக்கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார்.

கபடியில் கைதட்டல் பெரும்பாலும் பாடிச் செல்பவருக்கே. பிடி நழுவினால் பழி பிடித்தவருக்கு. அந்த மூலையில் நின்றுதான் அவர் அச்சொல்லுக்குரிய மரியாதையை ஈட்டினார்.

இப்போது தெருவில் யாரேனும் ‘அண்ணா’ என்றால், முகம் சுளிக்காமல் திரும்பிப் பார்க்கிறேன்.