மகாலுக்குப் போன கொள்ளுத்தாத்தா

திருமலை நாயக்கர் மகாலுக்கு நீங்க கடைசியா எப்போ போனீங்க? ஸ்கூல் டூர்லயா? நானும் அப்படித்தான். ஆறாவது படிக்கும்போது போய், தூணைக் கட்டிப்பிடிச்சு போட்டோ எடுத்துட்டு, ஐஸ் சாப்பிட்டு வந்தேன்.

போன பொங்கல் லீவுல மறுபடி போனேன். இந்தத் தடவை சிவில் ஃபைனல் இயர் மாணவனா, கூட என் பாட்டியோட. (இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவன் எழுதுறது. பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.)

பாட்டிக்குத் திருச்சுழி பக்கம் ஒரு கரிசக்காட்டு கிராமம். அவங்க வீட்டுல "மகாலுக்குப் போறது"ன்னா கோர்ட்டுக்குப் போறதுன்னு அர்த்தம். 1970 வரைக்கும் மாவட்ட நீதிமன்றம் அந்த அரண்மனைக்குள்ளதான் நடந்தது. அப்போ எங்க பகுதி ராமநாதபுரம் மாவட்டம். அந்த மாவட்டத்தோட கலெக்டர் ஆபீஸே மதுரையிலதான் இருந்தது. பாட்டியோட அப்பா ஒரு வரப்புத் தகராறுக்காக, கட்டுச்சோத்தைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் மதுரைக்கு பஸ் ஏறியிருக்கார்.

கட்டடத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்றேன். 1636-இல் திருமலை நாயக்கர் கட்டினது. தூண்கள் சுமார் 40 அடி உயரம், அதாவது நம்ம ஹாஸ்டலோட நாலு மாடி. தூணுக்குத் தூண் வளைவு, சொர்க்க விலாசத்துக்கு மேல குவிமாடம். வளைவும் குவிமாடமும் செங்கலும் சுண்ணாம்பும். இதெல்லாம் எப்படி நிக்குது? வளைவுல ஒவ்வொரு செங்கல்லும் பக்கத்துச் செங்கல்லை அழுத்திப் பிடிச்சிருக்கு. அந்த பாரம் தூண் வழியா தரைக்கு இறங்குது. ரெண்டாவது வருஷம் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினது எனக்கு அங்க அண்ணாந்து பார்த்தப்பதான் புரிஞ்சது.

இன்னைக்கு நிக்கிறது பழைய அரண்மனையில ஏறக்குறைய நாலுல ஒரு பங்குதான். பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் தலைநகரை மாத்தினப்ப நிறைய பகுதியைப் பெயர்த்து எடுத்துட்டுப் போனதா சொல்வாங்க. 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னரா இருந்த நேப்பியர் மிச்சத்தைப் பழுது பார்க்க வச்சார். அதுக்கப்புறமும் கோர்ட்டு அங்க நடந்ததாலதான் தினமும் ஆள் நடமாட்டம் இருந்தது, ஒழுகினா பார்க்க ஒருத்தர் இருந்தார். அதனால ஒரு சிவில் மாணவனா நான் அந்த கோர்ட்டுக்கு நன்றி சொல்லணும்.

ஆனா கொள்ளுத்தாத்தா?

"கேஸ்ல எங்கய்யா ஜெயிச்சாருப்பா. ஆனா கேஸைப் பத்திப் பேசவே மாட்டாரு. அந்தத் தூணைப் பத்தித்தான் சொல்லுவாரு. அதுக்குப் பின்னாடி நின்னா நம்ம பேரைக் கூப்பிட்டா கேக்குமோ கேக்காதோன்னு வயித்தைக் கலக்குமாம்."

அந்த மண்டபம் ராஜாவைப் பார்க்க வர்றவன் தன்னைச் சின்னவனா நினைக்கணும்னு கட்டினது. அரியணை போய் நீதிபதி நாற்காலி வந்தப்பவும் தூண் தன் பழைய வேலையையே செஞ்சிருக்கு. பழைய கட்டடத்துக்குப் புது வேலை கொடுத்தா அது பொழைச்சுக்கும். அதோட பழைய குணமும் கூடவே வரும். இதை எந்த சிலபஸ்லயும் நான் படிக்கல.

பாட்டி செருப்பைக் கழட்டிட்டு ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தாங்க. அப்புறம் அதுலயே சாய்ஞ்சு உக்காந்துட்டாங்க.

"எங்கய்யா இங்க எங்கடா உக்காந்திருப்பாரு?"

சுத்திப் பார்த்தேன். தூண் இருக்கு, வளைவு இருக்கு, குவிமாடம் இருக்கு. காத்திருக்கிற ஒருத்தர் உக்கார்றதுக்குன்னு கட்டின இடம் எதுவும் என் கண்ணுல படல.

நம்மள்ல சிலர் நாளைக்கு ஒரு தாலுகா ஆபீஸோ கோர்ட்டோ வரையத்தான் போறோம். முகப்பை அப்புறம் வரைஞ்சுக்கலாம். முதல்ல ஒரு திண்ணை வரைங்க.