சத்தத்துக்கு வெட்கப்பட்டேன், புகைக்குப் பயப்படவில்லை

என் காரின் சைலன்சர் குழாய் கறள் பிடித்து ஓட்டையாகிவிட்டது என்று தெரிந்துகொண்டே, ஒரு குளிர்காலம் முழுவதும் அதில் என் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போனேன். தெரியாமல் செய்த பிழை அல்ல. அதனால்தான் எழுதுகிறேன்.

ரொறன்ரோவில் பனிக்காலம் வந்தால் வீதியெல்லாம் உப்புத்தான். அந்த உப்புத்தண்ணி குழாயை வெளியிலிருந்து தின்னும். உள்ளிருந்தும் ஒன்று தின்னும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. தூரப் பயணத்தில் குழாய் நன்றாகச் சூடாகி அது போய்விடும். பள்ளிக்கூடம், கடை, வீடு என்று சுற்றும் கார் சூடேறுவதே இல்லை. தண்ணீர் சைலன்சருக்குள் தேங்கி நின்று இரும்பை அரிக்கும். என்னுடையது அப்படி ஓடிய கார்.

உறுமல் கேட்கத் தொடங்கியதும் அயலவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒட்டுப்பட்டி வாங்கிச் சைலன்சரில் சுற்றினேன். சத்தம் குறைந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

"பிள்ளை தலை இடிக்குது எண்டு சொல்லுறாள், ஒருக்கா காரைப் பாருங்கோவன்" என்று மனைவி சொன்னாள். "போனையே பாத்துக்கொண்டு வந்தால் தலை இடிக்காமல் என்ன செய்யும்?" என்றேன். காபன் மொனொக்சைட் பற்றி எனக்குத் தெரியாததல்ல. நிறமில்லை, மணமில்லை, இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். ஒன்ராறியோச் சட்டப்படி வீட்டில் அதற்கு அலாரம் பூட்டியிருக்கிறேன். காருக்குள் அலாரம் இல்லை, நான் இருந்தேன்.

காசில்லாமல் தள்ளிப்போடவில்லை. அந்த மாதம்தான் புதிய தொலைக்காட்சி வாங்கினோம். கராச்சில் விட்டால் கூலி போகும், வசந்தம் வந்ததும் நானே வீட்டில் மாற்றலாம் என்ற எண்ணம். நானே செய்தேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசையும் இருந்தது.

பனி கரைந்ததும் வாசலில் காரைத் தூக்கி, தாங்கிகளை முண்டுகொடுத்து, அடியில் படுத்தேன். ஒட்டுப்பட்டியைக் கிழித்தபோது சைலன்சரின் தகடு செதில் செதிலாகக் கையோடு வந்தது. அது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது முன்னால் இருந்தது. இஞ்சினுக்குக் கிட்ட, வளைந்துகொடுக்கும் பின்னல் குழாயில் ஒரு வெடிப்பு. அதைச் சுற்றிக் கையகலத்துக்குக் கரி படிந்திருந்தது. கற்றலிற்றிக் கன்வேட்டருக்கு முன்னால் இருந்த வெடிப்பு அது. நச்சுவாயுவின் பெரும்பகுதியை மாற்றுவது அந்தக் கன்வேட்டர்தான். அதற்குள் போகுமுன்பே புகை கசிந்து, நாங்கள் இருந்த இருக்கைகளுக்குக் கீழே போயிருக்கிறது.

இளக்கும் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்தும் நட்டுகள் அசையவில்லை. ஒன்று முறிந்தது, மற்றதைக் கிரைண்டரால் வெட்டினேன். புதிய குழாய், புதிய கஸ்கெட், தொங்கவிடும் றப்பர்கள் எல்லாம் மாற்றி, வெளியில் இஞ்சினை ஓடவிட்டு, வால்குழாயைத் துணியால் கொஞ்சம் அடைத்து, எங்காவது சீறுகிறதா என்று கேட்டேன். சீறவில்லை. வேலை ஒரு வார இறுதிக்குள் முடிந்தது. அதற்காகத்தான் ஒரு குளிர்காலத்தை மகள் தலையில் கட்டினேன்.

தலையிடி புகையால்தான் வந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அன்றே கண்டுபிடித்திருக்க வேண்டியவன் நான். மகளிடம் முழுவதையும் சொன்னேன். "அப்பாக்கு முதலே தெரியுமா?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். மன்னிப்புக் கேட்டேன்.

ஒன்ராறியோவில் சாதாரணக் கார்களுக்கான புகைப்பரிசோதனை 2019இல் நின்றுபோனது. இனி உங்கள் காரின் அடியைப் பார்க்கச் சொல்லி யாரும் கடிதம் அனுப்பப்போவதில்லை. சத்தம் மாறினால் அன்றே பாருங்கள், அல்லது பார்க்கத் தெரிந்தவரிடம் விடுங்கள். அதுவரை பிள்ளைகளை அதில் ஏற்றாதீர்கள்.