மேஸ்திரி நின்றுவிட்டார்

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் ஐந்து வருஷம் கணக்கு எழுதினேன். ஆறு பேர் வேலை செய்தார்கள். பம்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைவதுதான் முக்கிய வேலை. மூத்த டர்னரை எல்லோரும் மேஸ்திரி என்போம்.

பேரிங் உட்காரும் இடத்தில் கடைசி கட் ஓடும்போது அவர் யாரோடும் பேச மாட்டார். டூலைத் தானே கல்லில் பிடித்துத் தீட்டுவார். கடைந்ததைத் துணியால் துடைத்து, சூடு ஆறவிட்டு, மைக்ரோமீட்டரில் பிடிப்பார். மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு கூடினாலும் பேரிங் இறுகிவிடும். குறைந்தால் ஷாஃப்டின் மேலேயே சுற்றும்.

2012 மின்வெட்டில் அக்கம்பக்கத்துப் பட்டறைகளில் ஆள் நிற்கவில்லை. எங்கள் முதலாளி கரண்ட் இல்லாத நேரத்துக்கும் அரைக்கூலி போட்டார். சனிக்கிழமைக் கூலிக் கவர் மெலிந்தும் ஒருவர்கூடப் போகவில்லை. நடுராத்திரி கரண்ட் வந்தாலும் மேஸ்திரி சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

அதே மேஸ்திரி இரண்டு வருஷம் கழித்து, தீபாவளி போனஸ் வாங்கிய மறு வாரம் நின்றுவிட்டார். வெளியே கூலி கூடக் கிடைத்திருக்கும் என்றார் முதலாளி. சம்பள நோட்டு என்னிடம் இருந்ததால் எனக்குக் காரணம் தெரியும். லேத்தில் டூல் ஓடும் பெட் தேய்ந்து, நீள ஷாஃப்ட் ஒரு முனை பருத்து டேப்பர் விழுந்தது. "பெட்டைக் கிரைண்டிங் போட்டுறலாமுங்க" என்று ஆறு மாதம் சொன்னார் மேஸ்திரி. இரண்டு வாரம் லேத் நிற்குமே என்று முதலாளி தள்ளிக்கொண்டே போனார். ஒருநாள் நாற்பது ஷாஃப்ட் திரும்பி வந்தது. அந்த நஷ்டத்தை மேஸ்திரியின் கூலியில் பிடிக்கச் சொன்னார் முதலாளி. எழுதியவன் நான். "எழுதுங்க தம்பி, அது உங்க வேலை" என்றார் மேஸ்திரி. அந்தப் பக்கத்தை நான் எழுதியிருக்கக் கூடாது.

பணம் பெரிதில்லை என்று சொல்ல மாட்டேன். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய அட்வான்ஸ் கழியாததாலேயே வருஷக்கணக்கில் ஒரே பட்டறையில் இருந்தவர்கள் உண்டு. அதை விசுவாசம் என்று முதலாளிகள் எடுத்துக்கொள்கிறார்கள். 1972-இல் வந்த பணிக்கொடைச் சட்டம் பத்துப் பேராவது இருந்த இடங்களுக்குத்தான் பொருந்தியது. ஆறு பேர் பட்டறையில் ஆளைப் பிடித்து வைக்க, அவன் சொல்வதைக் கேட்கும் காது ஒன்றுதான் முதலாளியிடம் இருக்கிறது.

மேஸ்திரி ஆவாரம்பாளையத்தில் பழைய லேத் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். பார்க்கப் போனேன். எங்கள் லேத்தைவிட வயதான மெஷின்.

"பெட்டுல கை வெச்சுப் பாருங்க தம்பி" என்றார்.

எண்ணெய்க்கு அடியில் வழவழவென்று இருந்தது.