ஆடியில் ஏறிய லோடு

போன வருஷம் ஆடி மாதம், ராத்திரி ஒன்பது மணி இருக்கும். கும்பகோணத்திலிருந்து சித்தப்பா மகன் கூப்பிட்டான். அங்கே கல்யாண போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான்.

"அண்ணே, நாஸ் பெட்டி ரொம்ப ஸ்லோவா இருக்கு. ஒரு போட்டோ ஓபன் ஆக அரை நிமிஷம் ஆகுது. ஆல்பம் டிசைன் பண்ற பசங்க சும்மா உக்காந்திருக்காங்க. பிராசஸர் பத்தலன்னு கடைக்காரர் சொல்றாரு. புதுசு வாங்கிடலாமா?"

"இப்ப வாங்காதடா. பத்து நிமிஷம் குடு" என்றேன்.

அந்தப் பெட்டியை நான்தான் அவனுக்கு அமைத்துக் கொடுத்தேன். ஸ்டூடியோவின் கணினிகள் எல்லாம் படங்களை வைத்து எடுக்கும் பொது டிஸ்க் பெட்டி; ரொட்டி டப்பா அளவுதான். நான்கு ஹார்ட் டிஸ்க், இரண்டு கோர் உள்ள சின்ன பிராசஸர், உள்ளே ஓடுவது லினக்ஸ். ஆறு வருஷக் கல்யாணங்கள் அதற்குள் இருக்கின்றன. இறந்துபோன தாத்தாவின் கடைசிப் படம் இருக்கிறதா என்று கேட்டு, நான்கு வருஷம் கழித்து வந்து நிற்கிற குடும்பங்கள் உண்டு. அதனால் அந்தப் பெட்டியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது எனக்குக் கடமை மாதிரி.

ஸ்டூடியோ மேஜைக்கு அடியில் ஒரு ராஸ்பெர்ரி பை வைத்திருக்கிறேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அது எஸ்என்எம்பி என்ற நெறிமுறை வழியாகப் பெட்டியிடம் "லோடு எவ்வளவு?" என்று கேட்டு, வருகிற எண்ணைக் கிராஃபாக வரைகிறது. பெட்டியின் சொந்த நிர்வாகப் பக்கத்திலேயே மீட்டர் இருக்கிறதே என்பார்கள். சின்ன பிராசஸரில் அந்தப் பக்கத்தைத் திறந்ததுமே லோடு ஏறிவிடும்; பார்க்கப் போனவரின் பாரத்தையும் சேர்த்துத்தான் அது காட்டும். வெளியிலிருந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விலகிக்கொள்வதுதான் நல்லது. தோபியாஸ் ஓட்டிகர் 1995-இல் வெளியிட்ட எம்ஆர்டிஜி என்ற கிராஃப் நிரல் இந்த முறையில்தான் வேலை செய்தது. அவர் இருந்த இடத்தில் வெளியுலகத்துக்கு ஒரே ஒரு 64 கிலோபிட் லைன். அது எந்நேரம் எவ்வளவு நிரம்புகிறது என்று பார்க்கத்தான் எழுதினார். பிறகு 1999-இல் அவரே கொண்டுவந்த ஆர்ஆர்டிடூலைத்தான் நான் பயன்படுத்துகிறேன். பழைய கணக்கைச் சராசரியாகச் சுருக்கிச் சுருக்கி வைத்துக்கொள்வதால், எத்தனை வருஷம் ஓடினாலும் அதன் கோப்பு ஒரே அளவுதான்.

இரண்டு வருஷம் பார்த்ததில் அந்தக் கிராஃபைப் பஞ்சாங்கம் மாதிரிப் படிக்க வந்துவிட்டது. முகூர்த்த நாள் ராத்திரி பதினொன்றுக்குப் பையன்கள் கேமரா கார்டுகளோடு திரும்புவார்கள். மூவாயிரம், நாலாயிரம் படங்கள் உள்ளே போகும். ஒவ்வொன்றுக்கும் சிறு படம் தயாரிக்க வேண்டும். ஒரு டிஸ்க் போனாலும் படங்கள் தப்பிக்கும்படி நான்கையும் சேர்த்துக் கட்டியிருக்கும் ரெய்டுக்குப் பாரிட்டி கணக்கும் போட வேண்டும். லோடு 4-க்கு ஏறி, விடிவதற்குள் இறங்கிவிடும். வைகாசியும் ஆவணியும் தையும் மலைத்தொடர் மாதிரி இருக்கும். மாதம் ஒரு ஞாயிறு, டிஸ்க்குகளை முழுக்கப் படித்துச் சரிபார்க்கும் வேலைக்காக ஒரு நீண்ட மேடு. ஆடியும் மார்கழியும் வெறும் தரை.

அன்று ராத்திரி கிராஃபைத் திறந்தேன். லோடு 7.3. நான்கு நாளாக அப்படியே நிற்கிறது. தை மாதமாக இருந்திருந்தால் வேலை ஜாஸ்தி என்று நானும் விட்டிருப்பேன். ஆடியில் யாருக்குக் கல்யாணம்?

முதலில் வந்த பயம் வேறு. 2021 டிசம்பரில் க்யூநாப் நிறுவனம் தன் நாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை விட்டது. யாரோ பெட்டிக்குள் புகுந்து பிட்காயின் தோண்டும் நிரலை நட்டுவிடுகிறார்கள்; அது லினக்ஸ் கெர்னலின் சொந்த வேலையான ஊம்_ரீப்பர் என்ற பெயரையே சூட்டிக்கொண்டு பிராசஸரில் பாதியைத் தின்னும் என்றது அந்த எச்சரிக்கை. ஓடும் வேலை ஒவ்வொன்றுக்கும் லினக்ஸ் கொடுக்கும் அடையாள எண், உண்மையான கெர்னல் வேலைகளுக்குப் பெரும்பாலும் சிறியதாக இருக்கும். இந்தப் போலியின் எண் பெரும்பாலும் ஆயிரத்துக்கு மேல். சித்தப்பா மகனின் பெட்டி வேறு கம்பெனி என்றாலும், வி.பி.என். வழியாக உள்ளே போய்ப் பட்டியலை வரிவரியாகப் பார்த்தேன். அந்நியர் யாரும் இல்லை.

பிறகு டாப் கட்டளையின் மேல் வரியைப் பார்த்தேன். நிரல்களுக்கு 3 சதவீதம், கெர்னலுக்கு 3, சும்மா இருப்பது 8. மீதி 86 சதவீதம் 'டபிள்யூஏ'. அதாவது டிஸ்க்குக்காகக் காத்திருப்பது. லோடு 7 காட்டுகிற பெட்டியில் பிராசஸர் வேலையே செய்யவில்லை.

இதைத் தம்பிக்கு ரேஷன் கடையை வைத்துத்தான் சொன்னேன். லோடு என்பது வரிசையின் நீளம். பில் போடுகிறவர் கை ஓயாமல் போட்டும் வரிசை நீளலாம். அவர் பில்லைப் போட்டு முடித்திருக்க, அரிசி மூட்டை குடோனிலிருந்து வராததாலும் நீளலாம். லினக்ஸ் இரண்டு கூட்டத்தையும் சேர்த்தே எண்ணும். முதலில் அப்படி இல்லை. டிஸ்க்குக்காக நிற்பவர்களையும் எண்ணும் மாற்றத்தை 1993-இல் மத்தியாஸ் உர்லிக்ஸ் என்பவர் அனுப்பினார். வேகமான டிஸ்க்கை எடுத்துவிட்டு மெதுவானதைப் போட்டால் இயந்திரம் திணறும், ஆனால் லோடு குறைந்து காட்டும். அது சரியில்லை என்பது அவர் வாதம். நியாயமான வாதம். அதனால்தான் லோடு எண்ணை மட்டும் பார்த்துப் பிராசஸர் பத்தவில்லை என்று சொல்லக் கூடாது. பில் போடுகிறவரை மாற்றினால் குடோனிலிருந்து மூட்டை வந்துவிடாது.

அடுத்து டிஸ்க் வாரியாகப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, நான்காவது டிஸ்க்குகள் மூன்றும் பத்துப் பன்னிரண்டு மில்லி விநாடியில் பதில் சொல்கின்றன. மூன்றாவது தொள்ளாயிரம். ரெய்டு 5-இல் ஒவ்வொரு கோப்பும் எல்லா டிஸ்க்கிலும் பரவிக் கிடக்கும். ஒன்று நொண்டினால் நான்கும் நொண்டும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையை எடுத்தேன். 197-ஆம் வரி, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டார்கள்: 24. நல்ல டிஸ்க்கில் அங்கே 0 இருக்க வேண்டும். விலை குறைவு என்று முந்தின வருஷம் போட்ட சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் அது. நாஸுக்கென்று செய்த டிஸ்க்குகள் படிக்க முடியாத இடத்தில் சுமார் 7 விநாடி முயன்றுவிட்டு, முடியவில்லை என்று சொல்லிவிடும். ரெய்டு மற்ற மூன்றிலிருந்து கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளும். டெஸ்க்டாப் டிஸ்க் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். அது முயல்கிற நேரமெல்லாம் வரிசை நீள்கிறது.

"டேய், பெட்டிக்கு ஒண்ணும் இல்ல. மூணாவது டிஸ்க் போகப் போகுது" என்றேன். கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. "அண்ணே, ஆனி மாசக் கல்யாணம் நாலு இன்னும் டெலிவரி குடுக்கல" என்றான்.

டிஸ்க்கை உடனே கழற்றச் சொல்லவில்லை. கழற்றிப் புதியதைப் போட்டால், அது நிரம்பி முடிகிற வரைக்கும் வேறொரு டிஸ்க் போனாலும் எல்லாமே போய்விடும். முதலில் அந்த நாலு கல்யாணத்தையும் யுஎஸ்பி டிஸ்க்கில் இழுத்தோம். ஊர்கிற வேகத்தில் விடிய விடிய ஆனது. மறுநாள் மத்தியானம் நாஸ் டிஸ்க் ஒன்று வாங்கி மாட்டினான். 4 டெராபைட்டும் நிரம்பப் பதினோரு மணி நேரம். அவ்வளவு நேரமும் லோடு 3-ஐ ஒட்டியே நின்றது. எதற்காக என்று தெரிந்த லோடு என்பதால் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆவணியின் முதல் முகூர்த்தத்தன்று ராத்திரி பதினொன்றரைக்கு லோடு 4-ஐத் தொட்டது. காலை ஐந்து மணிக்கு 0.3.